லேமினேஷனுக்குள் இருந்த பக்கம்

பதிவு அலுவலகத்துக்கு எதிரே வரிசையாக ஐந்து ஜெராக்ஸ் கடைகள். கூட்டம் நான்காவது கடைக்குத்தான் போகும். மெஷின் காரணமில்லை, ஐந்து கடையிலும் ஒரே மாதிரி மெஷின்தான், ஒரே மாதிரிதான் தாளை மென்று துப்பும். நான்காவது கடையில் நிற்கிற பெண் ஒரு தாளைக் கெடுத்தாள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. தெரு முழுக்க அவளை ஜெராக்ஸ் அக்கா என்றது. அவளுக்கு நாற்பத்தொரு வயது. அறுபது வயதுக்காரர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வரிசையில் முந்த வேண்டுமென்றால் மனிதர்கள் யாரையும் அக்காவாக்கிக்கொள்வார்கள்.

கடை அவளுடைய அப்பா தொடங்கியது. அந்தத் தெருவுக்கு முதன்முதலில் லேமினேஷன் மெஷின் கொண்டுவந்தவரும் அவர்தான். திறந்த புதிதில் ஒரு வாத்தியாருடைய சான்றிதழைப் பின்பக்கம் பார்க்காமல் பிளாஸ்டிக்கில் ஒட்டிவிட்டார். பின்பக்கத்தில் அதிகாரி முத்திரை குத்துவதற்கான கட்டம் காலியாக இருந்தது. பிளாஸ்டிக் மேல் முத்திரை நிற்குமா? வாத்தியார் புதுச் சான்றிதழுக்காக ஆறு மாதம் நடையாய் நடந்தார். அன்றைக்கு அப்பாவுக்கு வந்த புத்தி பிறகு போகவே இல்லை. எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பார். வாயும் சும்மா இருக்காது, "பின்னாடி எழுத்து இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் மெஷின் பக்கமே திரும்புவார். கடைச்சீட்டைக் கொடுத்தால்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சட்டைப்பையில் வைப்பார்.

சிக்கனத்திலும் ஆள் கெட்டி. வீட்டுத் தாள்களில் பின்பக்கம் வெறுமையாக இருப்பதை இரண்டிரண்டாக எடுத்து, முதுகோடு முதுகு வைத்து ஒரே உறைக்குள் போட்டு ஒட்டிவிடுவார். ரேஷன் அட்டை நகலுக்குப் பின்னால் கரண்டு இணைப்புக் கடிதம், மகளுடைய பள்ளிச் சான்றிதழுக்குப் பின்னால் கடையின் உரிமம். அந்த வீட்டில் ஒரு தாளைத் தேடினால் இரண்டு கிடைக்கும்.

மகள் மேல் அவருக்கு இருந்த பாசத்தைத் தெருவே பேசும். ஏழு வயதில் அவளுக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்தது. குடல் முறுக்கிக்கொண்டது என்று வீட்டில் சொன்னார்கள், அவளும் அதையே சொல்லி வளர்ந்தாள். வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத் தழும்பு உண்டு. அந்த ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் கடை வாசலுக்கு அழைத்துப்போய், முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். "என் பொண்ணு கண்ணு பால் மாதிரி" என்பார். கல்யாணத்துக்குப் பிறகு புருஷனும் அதையே செய்ய ஆரம்பித்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக், பேச்சு குறைவு, சினிமாவில் வருகிற மாதிரியெல்லாம் கொஞ்சத் தெரியாதவன். ஆனாலும், ஒரு பெண் குழந்தை பிறந்த பிறகும், வாரம் ஒருமுறை அவளை ஜன்னலோரம் நிறுத்திக் கண்ணைப் பார்ப்பான். அவள் வெட்கப்படுவாள். அப்பாவும் புருஷனுமாக இரண்டு ஆண்கள் தன் கண்ணழகில் இப்படி மயங்கிக் கிடக்கிறார்களே என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை குளிரோடு காய்ச்சல் வரும், விலாவுக்குக் கீழே பிடிக்கும். அப்பா வாயு என்பார், மாத்திரை தருவார், அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒரு வாயுத் தொல்லைக்கு எந்த அப்பா கடையை அடைப்பார் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

போன வருஷம் புருஷன் வெளியூரில் ஒரு புதுக் கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டப் போயிருந்தான், ஐந்து வாரம். அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்பதே குரலை வைத்துத்தான் தெரியும் என்கிற நிலை. அந்தச் சமயத்தில் பத்திர நகல் எடுக்க வந்த ஒரு நர்ஸ், மீதிச் சில்லறையை வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தாள். "அக்கா, கண்ணு மஞ்சளா இருக்கே. எத்தனை நாளா?" என்றாள். மறுநாள் ஜெராக்ஸ் அக்கா கடையை அடைத்துவிட்டுத் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு இன்னொரு பெரிய ஸ்கேன். மூன்றாம் நாள் ஒரு பெண் சர்ஜன் முன்னால் உட்கார வைத்தார்கள். அவர் படத்தை விளக்கு மேல் மாட்டி, ஈரலுக்குக் கீழே தொங்கிய ஒரு வீக்கத்தைப் பேனாவால் சுற்றிக் காட்டினார். பித்தம் இறங்குகிற குழாய் பென்சில் பருமன்கூட இருக்கக் கூடாதாம். அவளுக்கு அது எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய பையாக இருந்தது. இது நேற்று வந்ததில்லை, கருவிலேயே அப்படி உருவானது என்றார். சின்ன வயதில் என்ன ஆபரேஷன், யார் செய்தார்கள், தாள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். தாள் இல்லாமலா? ஜெராக்ஸ் கடைக்காரியிடம் கேட்கிற கேள்வியா அது? மறுநாளே பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள். முப்பத்துமூன்று வருஷப் பழசு, ஒரு மடிப்பில்லை, கறையில்லை. ஒரு பக்கம் ஆஸ்பத்திரிச் சீட்டு, மறுபக்கம் அவளுடைய தடுப்பூசி அட்டை.

சீட்டு முழுக்க ஆங்கிலம். அவள் அதை ஒருநாளும் படித்ததில்லை. ஜெராக்ஸ் கடையில் இருப்பவர்கள் தாளைப் பார்ப்பார்கள், படிப்பதில்லை. படிக்க ஆரம்பித்தால் தெருவில் பாதிப் பேர் முகத்தில் விழிக்க முடியாது. சர்ஜன் படித்தார். திருப்பினார், தடுப்பூசி அட்டையைப் பார்த்தார், மறுபடி சீட்டுப் பக்கம் திருப்பினார்.

"கீழ மூலையில அம்புக்குறி போட்டிருக்காரும்மா. பின்பக்கம் பாக்கச் சொல்லி. அந்தப் பின்பக்கம் எங்க?"

அந்த அம்புக்குறியை அவள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள். டாக்டர் கையெழுத்தின் வால் என்று நினைத்திருந்தாள்.

மதியம் பதிவு அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளை. தெரு ஓய்ந்திருந்தது. அப்பா மாடியில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். அவள் தாள் வெட்டும் கத்தியை எடுத்து உறையின் நான்கு ஓரத்தையும் நறுக்கினாள். முதுகோடு முதுகு வைத்த தாள்களில் வெளிப்பக்கம்தான் பிளாஸ்டிக்கோடு ஒட்டும், உள்பக்கங்கள் ஒட்டாது. ஓரம் போனதும் இரண்டு தாளும் தாமாகவே விலகின. காற்றே படாத மை நேற்று எழுதியது போலிருந்தது. பின்பக்கத்தை அந்தப் பழைய டாக்டர் ஆங்கிலத்தில் எழுதவில்லை. படிக்கத் தெரிந்த யாருக்கும் புரியும்படி நம் மொழியில், பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்.

குழந்தையின் பித்தக் குழாய் பிறவியிலேயே பை போல் வீங்கியிருக்கிறது. காமாலையும் சீழும் கடுமையாக இருப்பதால் இப்போது பையை எடுக்கவில்லை. பித்தம் வடிவதற்காகக் குடலோடு இணைத்து வழி மட்டும் செய்திருக்கிறோம். இது தற்காலிகம். உடம்பு தேறியதும், ஒரு வருஷத்துக்குள், பையை முழுவதும் எடுத்தே ஆக வேண்டும். விட்டுவைத்தால் பெரியவளான பிறகு அதில் புற்றுநோய் வரக்கூடும். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள் என்று இருந்துவிடாதீர்கள்.

கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது.

முதலில் அவள் அப்பாவுக்குத்தான் வக்காலத்து வாங்கினாள். பாவம், மனுஷர் பார்த்திருக்க மாட்டார். பிள்ளை பிழைத்து வந்த பதற்றத்தில் முன்பக்கத்தை மட்டும் பார்த்து உறைக்குள் போட்டிருப்பார். இப்படி ஒரு நிமிஷம் நினைத்தாள். அடுத்த நிமிஷம் அந்த நினைப்பு நிற்கவில்லை. கடைச்சீட்டையே திருப்பிப் பார்க்கிற மனுஷர். வாத்தியார் சான்றிதழ் கெட்டது அவள் பிறப்பதற்கும் முன்னால். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் மட்டுமே முதுகோடு முதுகு வைப்பார். உலகத்தில் வேறு யார் செய்திருந்தாலும் அது கைத்தவறு. அவர் செய்ததால் அது கைத்தவறாக இருக்க வழியே இல்லை.

மாடிக்குப் போய் அவரை எழுப்பினாள். தாளை அவர் மடியில் வைத்தாள். புரை விழுந்த கண்ணுக்கு எழுத்து தெரியாது, ஆனால் ஒரு பக்கம் பிளாஸ்டிக்கும் மறுபக்கம் வெறும் தாளுமாக இருந்ததை விரல் கண்டுபிடித்துவிட்டது. விரல் அங்கேயே நின்றது.

"பாக்கலைன்னு சொல்லுங்கப்பா," என்றாள். "சொன்னா நம்பிக்கறேன்."

அவர் சொல்லவில்லை. அந்த ஒரு நாணயமாவது மிச்சம் இருந்தது. பிறகு, துண்டால் வாயைத் துடைத்துத் துடைத்து, மெல்ல எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரியில் அவளை உயிரோடு பார்ப்போம் என்கிற நம்பிக்கையே போயிருந்ததாம். வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா தூங்காமல் பிள்ளையின் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். இன்னொரு முறை வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அம்மா கண்ணில் படக் கூடாது என்றுதான் அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து ஒட்டினாராம். கிழித்துப்போட மனது வரவில்லையாம். பிள்ளைக்குப் பத்து வயது ஆகட்டும் என்றிருந்தார். பிறகு பரீட்சை முடியட்டும் என்றிருந்தார். பிறகு அம்மா போய்ச் சேர்ந்தாள், அந்தத் துக்கம் ஆறட்டும் என்றிருந்தார். அதற்குள் வரன் வந்துவிட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். இவர் பூசணிக்காயைப் பிளாஸ்டிக்கில் ஒட்டி, மகள் கையிலேயே கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தார்.

"அப்போ அவரையும் ஏமாத்தித்தான் என்னைக் கட்டிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

அப்பாவுக்கு இந்த இடத்தில்தான் ரோஷம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "சீ, அந்தப் பாவத்தை நான் பண்ணல. கல்யாணத்துக்கு முன்னாடியே மாப்பிள்ளையைத் தனியா கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் சொன்னேன். சம்மதிச்சுத்தான் கட்டினாரு. பயந்துக்குவா, அவகிட்ட பேச வேண்டாம், வாரா வாரம் கண்ணை மட்டும் பாத்துக்குங்கன்னு சொன்னேன். மஞ்சள் தெரிஞ்சா உடனே கூட்டிட்டுப் போகணும்னு."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். இந்த மனுஷர் உண்மையைச் சொல்லிக் கல்யாணம் பண்ணினார். மாப்பிள்ளை வீட்டை ஏமாற்றினால் பாவம் வந்து சேரும் என்று தெரிந்திருந்தது. மகளை ஏமாற்றுவது அவர் கணக்கில் ஏமாற்றே இல்லை, அது வளர்ப்பு. ஜன்னலோரம் நின்று பதினாறு வருஷம் தான் பட்ட வெட்கமெல்லாம் நினைவுக்கு வந்து, அவளுக்கு உடம்பு கூசியது. ஒருவனாவது ஒருமுறையாவது தன் கண்ணைப் பார்த்ததே இல்லை. இருவரும் நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? இங்கே வேலி இரண்டு பக்கமும் மேய்ந்திருந்தது.

புருஷன் வெளியூரிலிருந்து ஓடி வந்தான். அவனை உட்கார வைத்துக் கேட்டாள். தெரியும் என்றான். மாமா எல்லாம் பார்த்துக்கொள்கிறார், வருஷா வருஷம் டாக்டரிடம் காட்டுகிறார் என்று நினைத்தேன் என்றான். மாமாவோ மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று இருந்திருக்கிறார். மாதம் தவறாமல் ஊரில் உள்ள அத்தனை லிஃப்ட்டின் கயிற்றையும் தடவித் தடவிப் பார்க்கிறவன். கயிறு நன்றாகத்தானே இருக்கிறது என்று யாராவது சொன்னால், அறுந்த பிறகு பார்ப்பதற்குப் பெயர் பரிசோதனை இல்லை என்று சண்டைக்கு வருகிறவன். "கயிறு என்னோடதுன்னதும் கண்ணால பாத்தா போதும்னு நினைச்சிட்டீங்களா?" என்றாள். அன்றிலிருந்து அவனோடு வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவோடு அதுவும் இல்லை.

சர்ஜன் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, இரண்டு கோட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். பிறகு விளக்கினார். பித்தக் குழாயும் கணையத்தின் குழாயும் சேருகிற இடமே இவளுக்குப் பிறவியில் தவறாக அமைந்திருக்கிறது. கணைய நீர் மேலேறிப் பைக்குள் போகிறது, பித்தத்தோடு கலந்து தேங்கி, உள்சுவரை வருஷக்கணக்கில் அரிக்கிறது. அரித்த இடம் ஆறுகிறது, மறுபடி அரிக்கிறது. இப்படியே போனால் ஒருநாள் ஆறுகிற சதை தாறுமாறாக வளர ஆரம்பித்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு, வயது ஏற ஏறக் கூடும். பையை உள்ளேயே விட்டு வழி மட்டும் செய்யப்பட்டவர்களுக்கு இன்னும் அதிகம். இத்தனையும் கேட்டுவிட்டு ஜெராக்ஸ் அக்கா கேட்டது ஒரே கேள்வி, என் பெண்ணுக்கும் இது இருக்குமா என்று. இது பெரும்பாலும் வழிவழியாக வருவதில்லை, இருந்தாலும் சந்தேகத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். எடுத்துப் பார்த்தார்கள். பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. அந்த ஒரு நாள் மட்டும் அவள் அழுதாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் சர்ஜனிடம் ஒரு நிபந்தனை போட்டாள். பையைச் சோதித்து என்ன முடிவு வந்தாலும் முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும். வீட்டு ஆட்களைத் தனியே கூப்பிட்டு, பக்குவமாகச் சொல்லுங்கள் என்கிற வேலையே கூடாது. தன் உடம்பைப் பற்றித் தன்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்த காலம் போதும் என்றாள்.

ஆறு மணி நேரம் ஆனது. பையை முழுவதும் எடுத்து, பித்தப்பையையும் எடுத்து, ஈரலிலிருந்து இறங்கும் குழாயைக் குடலோடு புதிதாக இணைத்தார்கள். பத்து நாள் கழித்து முடிவுத் தாள் வந்தது. சர்ஜன் அறைக்குள் வந்தபோது கட்டிலின் ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் புருஷன். பழக்க தோஷம், சர்ஜனின் கை புருஷனை வெளியே வரச்சொல்லி அசைந்துவிட்டது. அவன் எழுந்தும்விட்டான்.

"டாக்டர், நான் இங்க இருக்கேன்," என்றாள் ஜெராக்ஸ் அக்கா.

சர்ஜன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அப்பாவும் புருஷனும் வெளியே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. பையின் சுவரில் ஓர் இடத்தில் புற்றுநோய் தொடங்கியிருந்தது என்றார் சர்ஜன். உள்தோலைத் தாண்டிச் சதைக்குள் கொஞ்சம் இறங்கியிருந்தது. பக்கத்து நிணநீர்க் கட்டிகளில் இல்லை. வெட்டிய ஓரங்கள் சுத்தமாக இருந்தன. மருந்து கொஞ்ச காலம் தேவைப்படலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகும் ஆயுள் முழுக்க. இதே பிறவிக் கோளாறு ஈரலுக்குள் போகிற குழாய்களையும் தொட்டிருக்கலாம், எடுத்த பிறகும் நம்பி இருந்துவிட முடியாது என்றார்.

"சின்ன வயசுலேயே எடுத்திருந்தா இது வந்திருக்காதா டாக்டர்?"

"வரவே வராதுன்னு யாரும் எழுதித்தர முடியாதும்மா. ஆனா வந்திருக்க வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு," என்றார்.

அவர் போன பிறகு இருவரையும் அவளே உள்ளே கூப்பிட்டாள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, சர்ஜன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். புற்றுநோய் என்கிற வார்த்தையை இரண்டு முறை சொன்னாள், இருவருக்கும் காதில் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டு. புருஷன் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றான். அப்பா தேம்ப ஆரம்பித்தார். மற்ற நாளாக இருந்தால் அவள் கை தானாகவே போய் அவர் முதுகைத் தடவியிருக்கும். போகவில்லை.

"உன்கிட்ட சொல்லியிருந்தா நீ பயந்து செத்திருப்பியே பாப்பா," என்றார் அவர். "அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

"பயந்திருப்பேன்ப்பா," என்றாள் அவள். "ராத்திரி பகலா பயந்திருப்பேன். அந்தப் பயத்துலேயே ஓடிப்போய் வயித்தைக் கிழிச்சு இதை எடுத்துப் போட்டிருப்பேன். எனக்கு வேண்டிய பயத்தையெல்லாம் நீங்க ரெண்டு பேரும் பட்டு முடிச்சிட்டீங்க. எனக்கு நோயை மட்டும் மிச்சம் வச்சிருக்கீங்க."

பிறகு இருவரையும் வீட்டுக்குப் போகச் சொன்னாள்.